சுவரில் ஒட்டிய குரல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மைக் டீச்சர்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரே நீளக் கூடத்தை பீரோக்களை வரிசையாக நிறுத்தித் தடுத்து மூன்று வகுப்புகளாக்கியிருந்தார்கள். நடு வகுப்பு, அதாவது இரண்டாம் வகுப்பு, அவளுடையது. இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு பாட்டுப் பாடும். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஜன்னலுக்கு வெளியே சரக்கு லாரிகள் திரும்புகிற முனை. இத்தனைக்கும் நடுவில் ஒரு சொல் பிள்ளைகளின் காதில் போய் விழ வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும். அவள் திறந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகத் திறந்தபடியே இருந்தாள். மூன்றாம் வகுப்பு சார் லீவு போட்டால் அவருடைய பிள்ளைகள் பீரோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே இவள் சொல்லும் டிக்டேஷனை எழுதி முடித்துவிடுவார்கள்.

வீட்டிலும் பேச்சு முழுக்க அவள் பங்குதான். கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நாள் முழுக்க இரைச்சலில் நின்று நின்று, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கத் தோன்றாத மனிதர். அவள் சமைத்துக்கொண்டே அன்றைக்கு வகுப்பில் நடந்ததை நடித்துக் காட்டுவாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பு வந்தால் தோள் மட்டும் குலுங்கும். மகள் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரசீது போடும் வேலையில் இருந்தாள்.

முதலில் குரல் லேசாகக் கம்மியது. "என்ன டீச்சர், மைக்குல கரகரப்பு வருது, ஒயரைக் கொஞ்சம் பாருங்க," என்று மூன்றாம் வகுப்பு சார் கிண்டல் பண்ணினார். அவளும் சிரித்தாள். வெந்நீர் குடித்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போனாள். மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள். மழைக்காலம் முடிந்தது. காலையில் கொஞ்ச நேரம் குரல் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தேய்ந்து, கடைசிப் பிரியடில் வெறும் உதடு மட்டும் அசையும். பிள்ளைகள் பாவம், உதட்டைப் பார்த்தே கணக்குப் போடப் பழகிவிட்டார்கள்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண் தடிச்சுப் போயிருக்கு. முதல்ல பேசறதை நிறுத்துங்க," என்றார்.

"நான் டீச்சருங்க."

"அதனாலதாம்மா வந்திருக்கு."

ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் கெட்டதாக மாறவும் கூடும் என்றார். செய்தால் குரல் திரும்ப வந்துவிடுமா என்று அவள் கேட்டாள். டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "வரலாம். பழைய குரல்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

பள்ளிக்கூட வருஷம் முடியட்டும், விடுமுறையில் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மகளிடம் போனில் பேசியபோது, பாதிப் பேச்சில் அம்மாவின் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் மகள் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அம்மா, கடையில ஸ்கேன் பண்ணிக் காசு குடுக்கறோம்ல, அந்தக் கட்டம். அதுக்குள்ள காசுதான் இருக்கணும்னு இல்ல. என்ன வேணும்னாலும் வைக்கலாம். உன் குரலைக்கூட வைக்கலாம். நீ நல்லா இருக்கிறப்போ பேசிப் பதிவு பண்ணி வெச்சுட்டா, பிள்ளைங்க போனைக் காட்டினதும் அதுவே பேசும். நீ தண்ணியைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கலாம்."

"அப்புறம் என்னை எதுக்கு சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்களாம்?" என்றாள் அவள். ஆனால் அன்றே கேட்டுக் கற்றுக்கொண்டாள். இணையத்தில் ஒரு இலவசத் தளம். குரலைப் பதிந்து அதில் ஏற்றினால் ஒரு கருப்பு வெள்ளைக் கட்டத்தைத் தரும். அந்தக் கட்டத்தை அச்சடித்து ஒட்டினால் வேலை முடிந்தது. போனில் இடம் பற்றவில்லை என்றபோது, "மேல ஏத்திட்டா போதும்மா, போன்ல இருக்கறதை அழிச்சுடு. அது எங்கேயும் போகாது," என்று மகள் தைரியம் சொன்னாள்.

விடிந்ததும் வெந்நீரைக் குடித்துவிட்டு, படுக்கையறை அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு அவள் பேசுவாள். அப்படிப் பேசினால் எதிரொலி வராது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாத்திரம் எதையும் தொடக்கூடாது என்று கணவருக்கு உத்தரவு. அவரும் திருடன் மாதிரி நுனிக்காலில் நடப்பார். ஒரு நாள் நரிக் கதையின் நட்டநடுவில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. திரும்பப் பேச அன்றைக்குக் குரல் மிச்சமில்லை. அப்படியே ஏற்றிவிட்டாள். வகுப்பில் அந்தக் கதைக்குத் 'தும்மல் கதை' என்றே பெயராகிவிட்டது. அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கட்டங்களைக் கணவர்தான் அச்சகத்தில் மிஞ்சும் காகித ஓரங்களில் அடித்துக் கொண்டுவந்தார். பழைய போன்களை, கண்ணாடி விரிசல் விட்டவை, பொத்தான் அழுந்தாதவை என்று, ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் அவள் கேட்டு வாங்கினாள். வகுப்பு முழுக்கக் கட்டமாயிற்று. பாடப்புத்தகத்தில் நடத்திய ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் ஒன்று. பெஞ்சில் ஒன்று. தண்ணீர்க் குழாய்க்கு மேல் ஒன்று. குழாயில் இருந்தது, "கை கழுவினியா? எங்க, நகத்தைக் காட்டு," என்று கேட்கும். பிள்ளைகள் பயபக்தியோடு போனிடம் நகத்தை நீட்டுவார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். சிரித்தால் இருமல் வரும், அதனால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

தையல்காரரின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்ததால் அவளை எல்லோரும் 'சாவி' என்றே கூப்பிட்டார்கள். தாய் இல்லை. எழுத்தைக் கண்டால் அந்தப் பெண்ணுக்கு உடம்பு விறைத்துவிடும். படி என்று எழுப்பி நிறுத்தினால் புத்தகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் போனை விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்தி, வரியின் கீழே விரலை ஓட்டி, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவசரப்படுத்த யாரும் இல்லை, சிரிக்க யாரும் இல்லை. வீட்டுக்கும் சில கட்டங்களை வெட்டிக் கொடுத்தாள் டீச்சர். அப்பாவின் போனில், தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து சாவி கேட்பாளாம்.

ஒரு நாள் அவளாகவே எழுந்து நின்று போன் இல்லாமல் ஒரு பக்கத்தைப் படித்தாள். டீச்சர் எங்கே நீட்டுவாளோ அங்கே நீட்டினாள், எங்கே மூச்சு வாங்குவாளோ அங்கே வாங்கினாள். மூன்றாவது வரியில் நிறுத்தி, கையை வாயருகே வைத்து மெல்ல இருமிவிட்டு மேலே படித்தாள். பதிவில் டீச்சர் அந்த இடத்தில் இருமியிருந்தாள். இருமலும் பாடத்தில் சேர்ந்தது என்றே சாவி நினைத்திருந்தாள். வகுப்பு கைதட்டியது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சேதி எப்படியோ மேலே போயிற்று. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, குழாயடியில் நகம் காட்டுவதைப் படமெடுத்தார். "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதைக் கொண்டுபோகணும் மேடம். நம்ம பள்ளிக்கூடம்னு நான் பெருமையா சொல்லிக்குவேன்," என்றார். அவருடைய பேச்சில் அந்தத் திட்டம் அன்றைக்கே பாதி அவருடையதாகிவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வருஷம் முடிந்தபின் வரவேண்டிய ஆபரேஷன்தான் அவள் நினைப்பு முழுக்க. குரல் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று, அதுவரை பதியாமல் விட்டிருந்த பாடம் மொத்தத்தையும் அடுத்த வருஷத்துக்காகச் சேலைகளுக்கு நடுவே பேசி முடித்தாள். கடைசிப் பாடங்களில் குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது. இருந்தாலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்தாள்.

விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. கெட்டது எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டு, அவர் சொன்ன அன்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்," என்றார் டாக்டர். பொறுத்தார்கள். அப்போதும் காற்றுதான் வந்தது. அதற்குப் பிறகு டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

வீட்டில் பேச்சே அடங்கிப் போயிற்று. கணவர் தனக்குத் தெரிந்த அளவில் அதை நிரப்பப் பார்த்தார். அச்சகத்தில் மை தீர்ந்துபோனதை, முதலாளி பீரோ சாவியைத் தொலைத்ததைச் சொல்ல ஆரம்பித்து, பழக்கம் இல்லாததால் பாதியில் கதையைத் தவறவிட்டு விழிப்பார். அவள் தலையாட்டுவாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

பள்ளி திறந்தபோது தலைமையாசிரியை அவளைத் தனியே கூப்பிட்டார். "உங்க கட்டத்தை நம்பித்தான் உங்களை வகுப்புக்குள்ள விடறேன் டீச்சர். யாராவது கேட்டா நான் ஒண்ணும் பார்க்கலை," என்றார். நல்ல மனுஷி.

சில மாதம் நன்றாகவே ஓடிற்று. அவள் ஒரு தரம் கையைத் தட்டிச் சுவரைக் காட்டினால், பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவளுடைய குரலை நேரில் கேட்டதே இல்லை. 'சுவத்து டீச்சர்', 'நாற்காலி டீச்சர்' என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். இரண்டு பேரும் அக்கா தங்கை என்று ஒரு பையன் எல்லோருக்கும் விளக்கினான். சுவத்து டீச்சர் பெரியவங்க, அதான் அதிகமாப் பேசறாங்க என்றான். அவள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் எழுதிக் காட்ட வேண்டும், அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. சாவி மூன்றாம் வகுப்புக்குப் போகவில்லை. ஒரு பக்கம் படித்தாள், பரீட்சைக்கு அது போதவில்லை. அவள் அங்கேயே, அதே மூலையில் இருந்தாள். இந்த வருஷம் தேறிவிடுவாள் என்று டீச்சர் நம்பியிருந்தாள்.

ஒரு காலை, குழாயடியில் நின்ற பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். "டீச்சர், புது விளையாட்டு வந்திருக்கு."

போனில் வண்ணச் சக்கரம் ஒன்று சுற்றியது. நாணயங்கள் கொட்டின. பக்கத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண் கண்ணடித்து, பணம் கட்டி ஆடக் கூப்பிட்டாள். அவள் போனைப் பிடுங்கினாள். வேறு கட்டத்தில் காட்டினாள். அதே சக்கரம். பாடப்புத்தகத்தை விரித்து முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று காட்டிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் அதே பெண் கண்ணடித்தாள். பிள்ளைகளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்று வந்தது. பின்னால் மூன்று போனில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலிருந்தும் பிடுங்கிப் பிடுங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். ஒரு குழந்தை அழுதது. டீச்சர் எதையும் அப்படிப் பிடுங்கி அவர்கள் பார்த்ததில்லை.

இலவசத் தளத்தை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டிருந்தார்கள். அந்த முகவரியை வேறு யாரோ வாங்கிச் சூதாட்டக் கடை போட்டிருந்தார்கள். இதெல்லாம் மகள் அப்புறம் விசாரித்துச் சொன்னது.

மத்தியானம் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். "நேத்து சாயங்காலம் பாப்பா கதை கேக்கணும்னு போனை வாங்கினா டீச்சர். உங்க குரல் வரலை. இப்படி ஒண்ணு வருது. நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்று குனிந்த தலையோடு கேட்டார். அவருக்குக் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஆனால் ஊரில் எல்லோரும் தையல்காரர் இல்லையே. கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கும் ஒருவருடைய மகனும் அந்த வகுப்பில் இருந்தான். அவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டார். 'இரண்டாம் வகுப்பில் நடத்தும் பாடம் இது' என்று கீழே எழுதினார். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேச்சு.

அதிகாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை படமெடுக்கவில்லை. "அனுமதி இல்லாம இப்படியெல்லாம் செய்யக்கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது தலைமையாசிரியைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தலைமையாசிரியை மேஜை விரிப்பின் ஓரத்தை நேர்செய்துகொண்டிருந்தார். அவள் பேசக்கூடியவளாக இருந்திருந்தால் அந்த அறையில் நான்கு வார்த்தை கேட்டிருப்பாள். பேனாவை எடுத்து, 'நீங்கள் பாராட்டினீர்கள்' என்று எழுதி நகர்த்தினாள். அதிகாரி படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கட்டங்களை அன்றே எடுத்துவிடச் சொன்னார்கள். பிள்ளைகள் போனபின் அவளே உட்கார்ந்து சுரண்டினாள். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தாள். காகிதத்தோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. மூன்றாம் வகுப்பு சார் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து எதிர்ச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

பதிவுகள் வேறெங்காவது மிஞ்சியிருக்குமா என்று மகள் வீட்டுக்கே வந்து தேடினாள். பழைய போன்களையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். கடையில் கொடுத்துக் கேட்டாள். கடைசியில் மகளுடைய போனிலேயே ஒன்று அகப்பட்டது. முதல் நாள், எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லிக்கொடுத்தபோது அம்மா சோதனைக்காக அனுப்பியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" அவ்வளவுதான்.

"நான்தான்ப்பா சொன்னேன். எங்கேயும் போகாது, அழிச்சுடுன்னு நான்தான் சொன்னேன்," என்று மகள் அப்பாவின் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்," என்றார் அவர். அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தச் சோதனைப் பதிவை அவள் மறுபடி கேட்க விரும்பவில்லை. மகள் போட்டுக்காட்ட வந்தபோது கையை வைத்துப் போனை மூடிவிட்டாள்.

வேலைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க அவளை அனுப்பிய மெடிக்கல் போர்டில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். அவள் உதட்டை அசைத்து ஒரு பத்தி முழுக்க வாசித்தாள். பாதியில் அவர் போதும் என்று கையைக் காட்டியும் நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பெடுக்கத் தகுதியில்லை என்று எழுதினார்கள். அலுவலகத்தில் உட்காரும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று தலைமையாசிரியை அவளுக்காக இரண்டு தடவை நடந்து பார்த்தார். காலி இல்லை என்றார்கள். வயது வருவதற்கு முன்னாலேயே அவளை ஓய்வில் அனுப்பினார்கள். சூதாட்டப் பேச்சு அடங்காத நேரம் என்பதால் வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை. அவள் டம்ளரையும் குடையையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள்.

இரண்டாம் வகுப்புக்கு இளம் பெண் ஒருத்தி வந்தாள். கெட்டவள் இல்லை, பாடத்தை வேகமாக முடிக்க வேண்டும் என்ற பயம் உள்ளவள். மூன்றாம் வகுப்பு சார் வழியில் பார்த்தால் ஏதாவது சொல்வார். சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்பது மாதிரி. பிள்ளைகள் தன்னைப் பற்றிக் கேட்கிறார்களா என்று அவள் சைகையில் கேட்பாள். "கேக்கறாங்க டீச்சர்," என்பார் சட்டென்று. அவர் பொய் சொல்லும்போது மீசையைத் தடவுவது அவளுக்குப் பழக்கமான விஷயம்.

சில வாரம் கழித்து, இளைத்துப்போன உடம்புக்கு ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுப்பதற்காகத் தையல்காரர் கடைக்குப் போனாள். சாவி மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து, சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி நேரம்.

"இப்ப எல்லாம் போக மாட்டேங்கறா டீச்சர்," என்றார் தையல்காரர். "பின் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்களாம். படிக்கச் சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்களாம். சரி, வீட்டுலயே கையில ஒரு தொழில் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் கல்லாவில் கிடந்த துண்டுத்தாளை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாக, 'தினமும் என் வீட்டுக்கு வா. படிக்கலாம்' என்று எழுதி சாவியிடம் நீட்டினாள். சாவி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். விரலை எழுத்தின் கீழே வைத்தாள். "தி," என்றாள். அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள். உதடு அசைந்தது. நிமிர்ந்து டீச்சரின் வாயைப் பார்த்தாள். அங்கிருந்து எதுவும் வரவில்லை. மறுபடி தாளைப் பார்த்து, மறுபடி வாயைப் பார்த்து, தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

தையல்காரர் தாளைக் கண்ணுக்கு அருகே வைத்து மெதுவாகப் படித்தார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம் டீச்சர்," என்றார். "நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க." சொல்லிவிட்டு, ரவிக்கை ஒன்றை மேஜைமேல் விரித்துச் சுருக்கத்தை நீவினார். "கை நீளம் இதே இருக்கட்டுமா, குறைக்கணுமா? காட்டுங்க."

அவள் இடது கையை நீட்டி, முழங்கைக்குச் சற்று மேலே விரலை வைத்துக் காட்டினாள். அவர் சாக்குக்கட்டியால் ரவிக்கையின் கையில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார்.